நின்றவன்

என் வீட்டுக்காரர் எங்கள் மகன் கதிர்வேலுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான். வண்டி யார் மேலாவது மோதிவிட்டால் நிற்கக் கூடாது. நேராகப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிப்போய், நான்தான் மோதினேன் என்று சொல்லி உட்கார்ந்துவிட வேண்டும்.

“மொதல்ல உசுரு, அப்பறந்தான் கேசு,” என்பார். “நம்மூராவே இருந்தாலும் நிக்காத சாமி. கூட்டத்துக்கு மாமன் மச்சான் தெரியாது.”

அவர் பெயர் சின்னுசாமி. முட்டி வலி வந்து உட்காரும் வரைக்கும் வடக்கே லாரி ஓட்டினார். இப்போது வீட்டு முன்னாலேயே, திருச்செங்கோடு போகும் ரோட்டோரமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். முன்பு அவரோடு ஜோடி வண்டியில் ஓடிய ராசு என்பவர், எங்கோ ஒரு ஊரில் கிழவர் ஒருவர் மேல் மோதிவிட்டு, தண்ணீர் கொடுக்கலாம் என்று இறங்கியிருக்கிறார். ஊரே கூடி அடித்துக் கொன்றுவிட்டது. பின்னால் வந்த வண்டிக்குள் இருந்த இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ராசுவின் உடம்பை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் இவர்தான். அதற்கப்புறம் வெகு நாளைக்குச் சோற்றில் கையை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார்.

அதனால் அந்தப் பாடத்தை நான் முழுக்கக் குறை சொல்ல முடியாது. கூட்டம் வெறியோடு வந்தால் டிரைவர் நிற்க வேண்டியதில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறதென்று லாரி சங்கத்து வக்கீல் சொன்னாராம். சட்டம் எழுதியவர்களே நம் ஜனங்களைப் பார்த்துப் பயந்து ஒரு சந்து விட்டு எழுதியிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“அப்ப அடிபட்டுக் கெடக்கறவன் கதி என்னங்க?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“அவனத் தூக்க ஊர்ல ஆளிருக்குது. உன்ற மவனத் தூக்க ஆரிருக்கறா?”

பெற்றவள் வாயை அடைக்க அது போதும்.

கதிர்வேல் கோழிப்பண்ணை ஒன்றில் முட்டை வண்டி ஓட்டுகிறான். அன்றைக்குக் காலையில் லோடோடு வந்தவன் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, நின்றபடியே இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். உட்கார்ந்து தின்றால் வண்டி ஓடியா போய்விடும் என்று திட்டினேன். “லேட்டாச்சுன்னா ஓனர் என்னையப் பொரிச்சுப் போடுவாருங்கம்மா,” என்று சிரித்தான். கையைப் பேன்ட்டிலேயே துடைத்துக்கொண்டு, போயிட்டு வாரேன் என்று கிளம்பினான். நான் அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். அவ்வளவு நேரம்தான்.

வளைவுப் பக்கமிருந்து பிரேக் சத்தம் வந்தது.

எங்கள் வீட்டைத் தாண்டியதும் ரோடு வளைகிறது. ஓட்டத்துக்குப் போகாத ரிக் வண்டிகளை, போர் போடும் அந்தப் பெரிய வண்டிகளை, அங்கேதான் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். அவற்றுக்குப் பின்னால் யார் நின்றாலும் தெரியாது. பள்ளிக்கூட வேன் வருவதும் அங்கேதான். பக்கத்து வீட்டு மோகனப்பிரியா மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனதை நான் பார்த்திருந்தேன். ஈரக் கையோடு ஓடினேன்.

டீக்கடையில் இருந்தவர்கள், வேலைக்குக் கிளம்பியவர்கள் என்று எல்லோரும் ஓடினார்கள். எல்லோரும் பார்த்தது ஒன்றுதான். ரோட்டில் டயர் தேய்ந்த கறுப்புத் தடம். தடம் முடியும் இடத்தில் நூல் பொதி ஏற்றிய ஒரு லாரி. அதன் முன்னால் சட்டையெல்லாம் ரத்தத்தோடு ஒரு டிரைவர். அவர் கையில் கனிஷ்கா.

மோகனப்பிரியாவின் மகள், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற குழந்தை. காலையில்தான் என்னிடம் வந்து ரிப்பனைக் கட்டிக்கொண்டு போனது. தலை தொங்கிக் கிடந்தது. மோகனப்பிரியா ரோட்டில் உட்கார்ந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். வேன் வருகிறதா என்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், பிரேக் சத்தத்தில் திரும்பினால் குழந்தை ரோட்டில் கிடந்தது. மோதியதை அவளும் பார்க்கவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை.

“நானில்லைங்க,” என்றார் அந்த டிரைவர். அவருக்கு மூச்சு வாங்கியது. “நான் வாரதுக்கு முன்னாடியே பாப்பா உளுந்து கெடந்துச்சுங்க. முன்னாடி போன வண்டிங்க. கொஞ்சம் வழி உடுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடறேன்.”

“தடம் இங்கயே கெடக்குது, பொய் பேசறான் பாரு,” என்றான் டீக்கடைக்காரன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. டயர் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே வந்துவிட்டார், வேண்டுமென்று எடுத்து வரவில்லை என்று பின்னால் பல பேர் என்னிடம் சொன்னார்கள். உண்மைதான். வேண்டுமென்று எடுத்து வரவில்லை. ஆனால் கீழேயும் போடவில்லை.

“அண்ணா, நீங்க வண்டி ஓட்டுனவரு. நீங்களே சொல்லுங்க,” என்று யாரோ அவரைக் கேட்டார்கள். கூட்டம் அவருக்கு வழி விட்டது.

அவர் தடத்தைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். அந்த டிரைவரின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“இடிக்காதவன் எதுக்கு நிப்பான்?” என்றார். “இத்தன வருசம் ஓட்டியிருக்கறன். அடுத்தவன் இடிச்சதுக்கு எந்த டிரைவரும் எறங்க மாட்டான். ஓட முடியாம மாட்டிக்கிட்டு நல்லவனாட்ட வேசம் போடறான்.”

தீர்ப்பு அவ்வளவுதான். எதிர்க்கேள்வி இல்லை, வாய்தா இல்லை. ஒரு ஆயுள் முழுக்க ரோட்டில் கற்ற பாடத்தை அவர் சொன்னார். ஊர் நம்பியது. ஒரு கணம் நானும் நம்பினேன்.

அந்த டிரைவர் என்னிடம்தான் வந்தார். கூட்டத்தில் முன்னால் நின்ற பொம்பளை நான்தான். “அக்கா, நீங்க வாங்கிக்கங்க. தொடையில துண்டு கட்டியிருக்கறேன், அவுத்துராதீங்க. கால அசைக்காமப் புடிங்க,” என்று சொல்லிக் குழந்தையை என் கையில் வைத்தார்.

குழந்தை அவர் கையில் இருந்த வரைக்கும் ஒருவரும் அவரைத் தொடவில்லை. என் கைக்கு வந்த பிறகுதான் முதல் அடி விழுந்தது.

“அடிக்காதீங்க, போலீசுக்குச் சொல்லுங்க,” என்று கத்தினேன். “போலீசு புடிச்சு நாளைக்கே உட்ருவாங்க,” என்று ஒருத்தன் பதில் சொன்னான். அந்தக் கூட்டத்தில் இருந்த பாதிப் பேர் என் கையால் காப்பி குடித்தவர்கள். ஒருத்தர் முகமும் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை. “பாப்பாவ மொதல்ல கொண்டுபோங்கக்கா,” என்று அடிகளுக்கு நடுவே அந்த ஆள் என்னைத்தான் விரட்டினார்.

பால் சொசைட்டிக்காரர் காரைக் கொண்டுவந்தார். மோகனப்பிரியாவை இழுத்துக்கொண்டு ஏறினேன். ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் கை மேலே போய்க் கீழே இறங்கியது. மறுபடி போனது. கோழியை அறுக்கக்கூட அடுத்தவனைக் கூப்பிடுகிற மனுஷன் அவர்.

திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். தொடை எலும்பு முறிந்திருக்கிறது, உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார். “நேரத்துல துண்டைச் சுத்தி இறுக்கிக் கட்டியிருக்கீங்க. இல்லைன்னா ரத்தம் போயே ஆபத்தா ஆயிருக்கும். யார் கட்டினது?”

மோகனப்பிரியா என்னைப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் குழந்தை கண்ணைத் திறந்தது. “என்ற தண்ணி பாட்டலு உருண்டு போயிருச்சு பெரீம்மா,” என்றது. அதை எடுக்க ஓடியதாம். “முட்டை வண்டி இடிச்சிருச்சு. அந்த மாமா எங்க?”

“எந்த மாமா சாமி?”

“அழுவாதன்னு சொல்லித் தூக்குன மாமா. லாரியில வந்தாரே.”

நாமக்கல் சீமையில் முட்டை வண்டிக்கா பஞ்சம். நாள் முழுக்க அந்த ரோட்டில் அதுதான் போகிறது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லி முடிப்பதற்குள் என் போன் அடித்தது. கதிர்வேல்.

“அம்மா, நான் ஸ்டேஷன்ல இருக்கறனுங்க. பயப்படாதீங்க. நம்ம வளைவுல ஒரு கொழந்தை ஓடியாந்து வண்டில பட்டுருச்சுங்கம்மா. ஆரு கொழந்தைன்னு பாக்கல. அப்பா சொன்னாப்பிடியே நிக்காம வந்துட்டேன். அப்பாவுக்கு அப்பப் புடிச்சு போன் போட்டுட்டே இருக்கறேன், எடுக்கவே மாட்டேங்கறாரு. கொழந்தைய ஆராச்சும் தூக்குனாங்களாம்மா? பின்னாடி ஒரு லாரி வந்துச்சு. அந்தண்ணன் நின்னாரு, நான் கண்ணாடியில பாத்தேன். அவரு தூக்கியிருப்பாருங்க.”

தரையில் உட்கார்ந்தேன். அந்தண்ணன் நின்னாரு என்று அவன் சொன்னதில் எவ்வளவு நிம்மதி இருந்தது தெரியுமா. அந்த நிம்மதிதான் என்னை அறைந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது, நீ அங்கேயே இரு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

மோகனப்பிரியாவிடம் மறைக்க எனக்கு வக்கில்லை. “கதிருதான்,” என்றேன். அவள் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் குழந்தையின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்ப அந்தண்ணன என்னக்கா பண்ணீட்டாங்க?” என்று கேட்டாள்.

பதில் நூற்றெட்டு ஆம்புலன்ஸில் வந்தது. முகத்தை வைத்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டையை வைத்துத்தான் தெரிந்தது. உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். போன வேகத்தில் டாக்டரம்மா வெளியே வந்து போலீஸ்காரரிடம் உயிர் இல்லை என்று தலையை ஆட்டினார். சட்டைப் பையில் இருந்த லைசென்ஸைப் பார்த்துப் போலீஸ்காரர் வாய்விட்டுப் படித்தார். அன்பரசு. ஆட்டையாம்பட்டி.

ஆட்டையாம்பட்டி ஒன்றும் அடுத்த தேசமில்லை. அவர் மனைவி அன்புச்செல்வி சீக்கிரமே வந்துவிட்டாள். தறியில் இருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் அலறுவாள் என்று பயந்தேன். அவள் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. அடிபட்ட குழந்தையோடு வந்தவள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

“பாப்பா பொழச்சுக்கிச்சுங்களாக்கா?” என்று கேட்டாள். பிழைத்துக்கொண்டது என்றேன்.

“ரோட்டுல ஆரு கெடந்தாலும் நின்னுருவாருக்கா. நமக்கெதுக்கு வம்புன்னு நான் எத்தனையோ தடவ சண்டை போட்டிருக்கறேன். நின்னா என்னடி ஆயிரப்போவுதும்பாரு.” என் தோளில்தான் சாய்ந்தாள். அவள் புருஷனைக் கொன்றவனின் பொண்டாட்டி தோளில். நகர்ந்துகொள்ளவும் எனக்குத் துணிவில்லை, சாய விடவும் யோக்கியதை இல்லை.

மோகனப்பிரியாவின் அண்ணி வந்ததும் நான் ஊருக்கு பஸ் ஏறினேன்.

பஞ்சர் கடையில் ஒரு சின்னக் கூட்டம். என் வீட்டுக்காரர் குளித்து, வேறு சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். பிழைத்தது என்றதும், “எல்லாம் சாமி புண்ணியம்,” என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். அதே மூச்சில், “போலீசு கேட்டா ஒருத்தரும் பேரு சொல்லப்படாது. கூட்டம் அடிச்சுதுன்னு எழுதிக்குவாங்க. ஊரையே புடிச்சு உள்ள போட முடியுமா?” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் முகத்தில் பயம் இருந்தது. வெட்கம் இருந்ததா என்று தேடினேன்.

“கொஞ்சம் உள்ள வாங்க,” என்று அவரைக் கூப்பிட்டேன்.

வீட்டுக்குள் வந்ததும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கத் தெம்பில்லை. “இடிச்சது அந்தாளு இல்லைங்க. நம்ம கதிரு.”

“ஆரு சொன்னது?”

“உங்க மவன். ஸ்டேஷன்ல உக்காந்திருக்கறான். உங்களுக்குத்தான் மொதல்ல போட்டிருக்கறான். நீங்க கை வேலையா இருந்தீங்க.”

அவர் போனை எடுத்துப் பார்த்தார். திரையில் கதிர், கதிர், கதிர் என்று மகன் பெயராகவே இருந்தது. அவர் கட்டிலில் உட்காரப் போய், கட்டில் எங்கே இருக்கிறதென்று தெரியாதவர் போலக் கையால் தடவினார்.

“இடிச்சவன்னு நெனச்சுட்டேன் வசந்தா.”

“இடிச்சவனா இருந்தாக் கொல்லலாமுங்களா? அப்ப கதிர என்ன பண்றது? அவன்தான் இடிச்சவன். போங்க, ஸ்பேனர எடுத்துட்டுப் போங்க. ஊரையும் கூட்டிட்டுப் போங்க.”

அவர் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டார். சத்தம் வெளியே கடைக்குக் கேட்டிருக்கும். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அழுது ஓய்ந்ததும் தரையைப் பார்த்தபடி பேசினார். ஊரில் எவனும் வாயைத் திறக்க மாட்டான் என்றார். பையனும் உள்ளே, தானும் உள்ளே போய்விட்டால் என்னை யார் பார்ப்பது என்றார். அவர் சொன்ன எதுவும் பொய்யில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் தலைமுடியில் பஞ்சோடு ஒருத்தி அங்கே தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை யார் பார்ப்பது என்று இவர் கேட்கவில்லை.

“அன்னிக்கு ராசுவ அடிச்சவங்க ஊர்லயும் இப்படித்தானுங்க பேசியிருப்பாங்க,” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பையனுக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க? நேரா ஸ்டேஷனுக்குப் போய் நான்தான்னு சொல்லோணும்னு. அவன் சொல்லீட்டான். எந்திரிங்க. நீங்க வரலைன்னா நான் போய்ச் சொல்லுவேன். கட்டுனவராச்சேன்னு பாக்க மாட்டேன்.”

அவர் எழுந்தார். கூரை ஓரம் செருகியிருந்த ஸ்பேனரை எடுத்து ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டார். கழுவி வைத்திருந்தார். கடையில் இருந்தவர்கள் எங்கே என்று கேட்டதற்கு, பையனைப் பார்க்க என்றார். அதுவும் பொய்யில்லை.

ஸ்டேஷனில் கதிர்வேல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு டம்ளர் டீ. யாரோ போலீஸ்காரர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தான். அழுதுவிடுவான் போலிருந்தது, ஆனால் அப்பாவைப் பார்த்த தைரியத்தில் அடக்கிக்கொண்டான்.

“நீங்க சொன்னாப்பிடியே வந்துட்டனுங்கப்பா. நின்னிருந்தா என்னைய அடிச்சே கொன்னுருப்பாங்க, இல்லீங்களா?”

அவர் அவனைத் தாண்டிப் போய், மேஜைக்குப் பின்னால் இருந்த ஏட்டின் முன்னால் நின்று சாக்கை வைத்தார்.

“பையனோட அப்பாவா? உக்காருங்க,” என்றார் ஏட்டு.

“வளைவுல அந்த டிரைவர அடிச்சது நானுங்க,” என்றார் அவர். “இதுலதானுங்க அடிச்சேன்.”

கதிர்வேல் டம்ளரோடு அங்கேயே நின்றான். ஏட்டு சாக்கைப் பிரிப்பதைப் பார்த்தான். அப்பாவின் முதுகைப் பார்த்தான். ஒன்றும் புரியாமல் என் பக்கம் திரும்பினான்.

“எந்த டிரைவருங்கம்மா?”

அவன் அப்பா திரும்பவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“கண்ணாடியில பாத்தியே சாமி. நின்னாரே, அவரு.”